‘நெட்தான் இருக்கிறதே’ என்பவர்களுக்கு

லினக்ஸ் பேச்சு எழும் இடத்திலெல்லாம் ஒரு வாதம் தவறாமல் வந்து நிற்கிறது. “எல்லார் கையிலும் நெட் இருக்கிறது. சின்ன ஐஎஸ்ஓ ஒன்றைப் பென்டிரைவில் போட்டால் மிச்சத்தை அதுவே இறக்கிக்கொள்ளும். ஆஃப்லைன் நிறுவியை உட்கார்ந்து கட்டுவதெல்லாம் டயல்-அப் காலத்து வேலை.” இப்படிச் சொல்பவர்களில் பலர் தங்கள் மடிக்கணினி ஒன்றில் மட்டும் லினக்ஸ் நிறுவிப் பார்த்தவர்கள். ஒரு கணினிக்கு அது போதும், மறுக்கவில்லை. நாற்பது கணினி உள்ள ஆய்வகத்தைப் பொறுப்பேற்று நடத்துகிறவருக்கு அது போதாது. நெட் எவ்வளவு வேகமாக வந்தாலும் போதாது.

ஆஃப்லைன் நிறுவி என்றாலே சிக்னல் எட்டாத மலைக்கிராமத்துக்கான மாற்று ஏற்பாடு என்று நினைக்கிறார்கள். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. ஒரு கணினிக்குள் என்னென்ன இருக்க வேண்டும், எந்தப் பதிப்பில் இருக்க வேண்டும் என்பதை யார் தீர்மானிப்பது? நெட் வழியாக நிறுவினால், அன்றைய தேதியில் பொதிகளின் நகல் இருக்கும் மிரர் சர்வரில் என்ன கிடக்கிறதோ அது தீர்மானிக்கிறது. ஜூனில் நிறுவிய பத்துக் கணினியில் ஒரு கர்னல், செப்டம்பரில் நிறுவிய பத்தில் வேறொன்று. பிரிண்டர் இதில் ஓடுகிறது, அதில் ஓடவில்லை என்று மாணவர்கள் வந்து நிற்கும்போது காரணம் தேடி அரை நாள் போகும்.

அந்த சர்வரும் என்றைக்கும் இருந்த இடத்தில் இருக்கும் என்பதற்கு உறுதி இல்லை. சென்ட்ஓஎஸ் 8 என்ற லினக்ஸ் வெளியீட்டுக்கு 2029 வரை ஆயுள் என்று நம்பி நிறுவியவர்கள் ஏராளம். 2020 டிசம்பரில் அந்த ஆயுளைக் குறைத்து அறிவிப்பு வந்தது. 2021 டிசம்பர் 31-ஓடு கதை முடிந்தது. அடுத்த சில வாரங்களில் பொதிகளை மிரர்களிலிருந்து எடுத்து ‘வால்ட்’ என்ற பழைய சரக்கறைக்கு மாற்றினார்கள். நேற்றுவரை ஓடிய நிறுவல் ஸ்கிரிப்டுகள் மெட்டாடேட்டாவை இறக்க முடியவில்லை என்று முரண்டுபிடித்தன. 2024 ஜூன் 30-க்குப் பிறகு சென்ட்ஓஎஸ் 7-க்கும் அதே கதி. அப்போதும் எல்லார் கையிலும் நெட் இருந்தது. எதிர்முனையில்தான் ஆள் இல்லை.

இன்னொரு கூட்டம் இருக்கிறது. ஆஃப்லைன் நிறுவி வேண்டும் என்று ஒப்புக்கொள்வார்கள். ஆனால் ஐஎஸ்ஓவுக்குள் நாலு டெப் கோப்பைத் திணித்தால் வேலை முடிந்தது என்பார்கள். முதல் கூட்டத்தைவிட இவர்களால்தான் அதிகச் சேதம். தன் கணினியில் உட்கார்ந்து, வேண்டிய பொதிகளை ஏபிடி மூலம் இறக்கித் தொகுத்துக்கொண்டு போவார்கள். அந்தக் கணினியில் ஏற்கெனவே இருக்கும் சார்புப் பொதிகளை ஏபிடி மறுபடி இறக்காது என்பது ஆய்வகத்துக்குப் போன பிறகுதான் தெரியவரும். புதுக் கணினியில் அவை இருக்காது. நிறுவல் பாதியில் நிற்கும். டீபூட்ஸ்ட்ராப் என்ற கருவியைக் கொண்டு வெறுமையான ஒரு சூழலை உருவாக்கி, அதற்குள்ளிருந்து பட்டியல் எடுத்தால்தான் உண்மையான கணக்கு வரும். டெபியன் 12-இன் களஞ்சியத்தில் 64,000-க்கு மேல் பொதிகள் உண்டு. அதில் நமக்கு வேண்டியது எது என்று சார்புச் சங்கிலியின் கடைசிக் கண்ணிவரை போய்ப் பார்ப்பதுதான் இந்த வேலையின் பெரும்பகுதி.

அப்படிப் பார்த்துப் பார்த்துச் சேர்த்தாலும் சில பொதிகள் ஏமாற்றும். உபுண்டு 22.04-இல் ஃபயர்ஃபாக்ஸ் டெப் பொதி வெறும் கூடு. அதை நிறுவினால் அது ஸ்னாப் கடைக்குப் போய் உண்மையான உலாவியை இறக்கப் பார்க்கும். மைக்ரோசாஃப்ட் எழுத்துருக்களுக்கான பொதியும் இந்த ரகம்தான்: உள்ளே எழுத்துரு கிடையாது, எங்கிருந்து இறக்குவது என்ற விலாசம் மட்டும். கையில் கட்டுச்சோறு என்று கொண்டுபோய்ப் பிரித்தால் உள்ளே ஓட்டல் ரசீது. மெய்நிகர் கணினி ஒன்றில் நெட்வொர்க் கார்டையே கழற்றிவிட்டு, முதல் திரையிலிருந்து லாகின்வரை ஓட்டிப் பார்க்காமல் எவரும் ‘ஆஃப்லைன்’ என்ற சொல்லை ஐஎஸ்ஓவின் பெயரில் ஒட்டக் கூடாது. ஐஎஸ்ஓவுக்குள் வைக்கும் சொந்தக் களஞ்சியத்துக்குக் கையொப்பம் இடச் சோம்பல்பட்டு, பொதிகளின் சரிபார்ப்பையே அணைத்துவிடுகிற ஆட்களைப் பற்றி எழுதினால் கட்டுரையின் தொனி கெட்டுவிடும்.

“ஒரு கணினியில் நிறுவி வட்டை அப்படியே குளோன் செய்துவிடலாமே” என்பது மூன்றாவது குறுக்குவழி. மெஷின்-ஐடியும் எஸ்எஸ்எச் சாவிகளும் நாற்பதிலும் ஒன்றாகவே போய் உட்காரும். சில நெட்வொர்க்குகளில் இரண்டு கணினிக்கு ஒரே ஐபி முகவரி கிடைத்து, இரண்டும் சண்டை போடும். சுத்தம் செய்யத் தெரிந்தவர் குளோன் செய்யலாம். தெரிந்தவருக்கு, நிறுவி கேட்கும் கேள்விகளுக்கு முன்கூட்டியே பதில் சொல்லும் ப்ரீசீட் கோப்பு எழுதுவதும் கஷ்டமில்லை.

கேரளத்தைப் பாருங்கள். பள்ளிகளுக்கு பிராட்பேண்ட் கொண்டுபோய்ச் சேர்த்த மாநிலம். அங்கே ஐடி@ஸ்கூல் என்று தொடங்கி 2017-இல் கைட் என்று மாறிய அரசு அமைப்பு, உபுண்டுவை அடிப்படையாக வைத்துப் பள்ளிகளுக்கென்றே ஓர் இயங்குதளத்தைக் கட்டித் தருகிறது. பாடத்துக்கு வேண்டிய ஜியோஜீப்ரா போன்ற செயலிகள் ஐஎஸ்ஓவுக்குள்ளேயே இருக்கின்றன. நெட் இல்லாத குறைக்காகவா அதைச் செய்கிறார்கள்? எந்தப் பள்ளிக்குப் போனாலும் ஆசிரியர் எதிர்பார்ப்பது திரையில் இருக்க வேண்டும் அல்லவா? சென்னையில் சி-டாக் டெபியனிலிருந்து உருவாக்கிய பாஸ் லினக்ஸ் நம்மிடமும் உண்டு. நம் கல்லூரிகளில் எத்தனை பேர் அதைப் பிரித்துத் தங்கள் பாடத்திட்டத்துக்கு ஏற்ப மறுபடி கட்டியிருக்கிறார்கள் என்று கேட்டால் பேச்சு வேறு பக்கம் திரும்பிவிடும்.

எதிர்த்தரப்பில் கனமான வாதம் ஒன்றுதான்: உறையவைத்த நிறுவி பழசாகும், பாதுகாப்பு ஓட்டைகளோடு பரவும். உண்மை. ஆறு மாதத்துக்கு முந்தைய ஐஎஸ்ஓவை அப்படியே விநியோகிப்பது பொறுப்பற்ற வேலை. அதனால் நிறுவியை ஒருமுறை கையால் கட்டிவிட்டு மறந்துவிடக் கூடாது. கட்டும் வேலையை ஸ்கிரிப்டாக எழுதி வைக்க வேண்டும். டெபியன் ஏறக்குறைய இரண்டு மாதத்துக்கு ஒருமுறை திருத்த வெளியீடு தருகிறது. அன்றிரவு அந்த ஸ்கிரிப்டை ஓடவிட்டால் பாதுகாப்புத் திருத்தங்களோடு புது ஐஎஸ்ஓ காலையில் தயார். நிறுவி முடித்த பிறகு நெட்டை இணைத்து அப்டேட் செய்வதை யாரும் தடுக்கவில்லை. அதுவரை கேபிள் மேசைமேல் கிடக்கட்டும்.