கட்டிலளவு மண்

மும்பைப் பகுதியில் கோடை மார்ச் மாதத்திலேயே தொடங்கிவிடுகிறது. கிழக்கிலிருந்து வீசும் நிலக்காற்று வலுத்து, கடற்காற்று வரத் தாமதிக்கும் நாள்களில் வெயில் தணலாக இறங்கும். அந்த நாள்களில்தான் கோபர்கைரனேயின் வரிசை வீடுகளுக்கு முன்னால் குண்டுமல்லி அரும்பு கட்டுகிறது. வாசற்படிக்கும் சந்துக்கும் இடையே ஒரு கட்டில் போடும் அளவுக்கே மண். அதில் ஒரு மல்லிப் புதர், ஓரத்தில் கனகாம்பரம், சுவரையொட்டி அந்திமந்தாரை, பழைய பெயின்ட் வாளியில் ஒரு துளசி. இதையெல்லாம் தோட்டம் என்று சொல்லலாமா என்று நகர்ப்புற ஆய்வாளர்கள் தயங்குகிறார்கள். தயங்க வேண்டியதில்லை. இந்தக் கட்டிலளவு மண்ணைத் தோட்டமாகக் கணக்கில் கொள்ளாத எந்தப் பசுமை ஆய்வும் இந்நகரத்தைப் பாதியளவே பார்த்ததாகும்.

முதலில் உழைப்பைப் பார்க்க வேண்டும். மல்லி தானாகப் பூப்பதன்று. மார்கழி, தை மாதங்களில் கிளைகளை முழங்கால் உயரத்துக்கு வெட்டி, எஞ்சிய இலைகளை உருவிவிட்டு, சில வாரம் தண்ணீரைக் குறைத்துச் செடியைப் பட்டினி போட வேண்டும். அப்போது பார்ப்பவருக்கு அது பட்டுப்போன குச்சிக் கூட்டமாகத் தோன்றும். பின்னர் மண்ணைக் கிளறி எருவிட்டு நீர் பாய்ச்சினால் புதுத் துளிர் வரும். அந்தத் துளிரின் நுனியில்தான் அரும்பு. பழைய மரத்தில் வராது. குடியிருப்பின் அடிமண் ஓடைக்கரைக் களி. எனவே, நாற்றுப் பண்ணையிலிருந்து செம்மண் மூட்டை வாங்கிக் கலக்கிறார்கள். மே மாதத்தில் குழாய்நீர் குறையும்போது அரிசி களைந்த நீரும் காய்கறி கழுவிய நீரும் செடிக்குப் போகின்றன. சமையலறையின் கணக்கும் தோட்டத்தின் கணக்கும் ஒன்றாகிவிடுகின்றன. நீர் மேலாண்மை பற்றிக் கருத்தரங்கு நடத்துவோர் இதைக் கவனிக்கலாம்.

இந்த உழைப்புக்குக் கிடைக்கும் பலன் என்ன? மாட்டுங்கா ரயில் நிலையத்தின் கிழக்குப் பக்கம் போனால் முழக்கணக்கில் கட்டிய பூ கிடைக்கும். விலை கொடுத்தால் மதுரை மல்லியும் கிடைக்கும். பிறகு எதற்காக இந்தப் பாடு? விடை மொட்டின் வாழ்க்கையில் இருக்கிறது. சந்தைக்குப் போகும் மொட்டை விடியலுக்கு முன்பே பறித்தாக வேண்டும். அன்று இரவு விரிய வேண்டிய பூ, பகல் முழுவதும் ஈரச் சாக்கிலோ பனிக்கட்டிப் பெட்டியிலோ பயணம் செய்கிறது. வீட்டு வாசலில் நிற்கும் மொட்டோ அன்றைய வெயில் முழுவதையும் செடியிலிருந்தே குடித்துத் தீர்க்கிறது. காலையில் பச்சை கலந்த வெண்மையாக இருந்தது, மாலை நான்கு மணிக்கு மேல் பால் வெண்மையாகப் பருத்து நிற்கும். அப்போது பறித்துத் தொடுத்தால் விளக்கு வைக்கும் நேரத்தில் சரத்திலேயே இதழ் அவிழும். சந்தை தர இயலாத இந்த ஒன்றை, மாதச் சம்பளத்தில் பாதியை வாடகைக்குக் கொடுக்கும் குடும்பமும் அனுபவிக்கிறது. எளிய இன்பம் என்பார்கள். எளியது அதன் விலை மட்டுமே.

மற்றச் செடிகளுக்கும் தனித்தனி நேரம் உண்டு. அந்திமந்தாரை பிற்பகல் சரிந்த பிறகு கண் திறக்கும். கனகாம்பரத்துக்கு மணமில்லை. ஆனால் முற்றிய கதிரில் நீர் பட்டால் காய் படீரென்று வெடித்து விதை தெறிக்கும். குழந்தைகள் அதற்காகவே வாளியோடு வருவார்கள். பெயர்களும் வேலி தாண்டுகின்றன. மராத்தியில் மல்லி மோக்ரா ஆகிறது, கனகாம்பரம் அபோலி ஆகிறது, நித்தியகல்யாணி சதாஃபுலி ஆகிறது. தமிழ்ப் பெயர் நாள்தோறும் மங்கலம் என்கிறது, மராத்திப் பெயர் எந்நாளும் பூ என்கிறது. அபோலி என்ற சொல்லில் பேசாமை என்னும் பொருள் தொனிக்கிறது. மணமற்ற பூவைப் பேசாத பூவாகக் கேட்ட காது எவருடையதோ! நெல்லைச் சீமையிலிருந்து வந்தவருக்கும் சாத்தாராவிலிருந்து வந்தவருக்கும் மொழி தடுமாறும் இடத்தில் ஒரு பதியன் கை மாறுகிறது. சரமாகக் கட்டுவதா, கஜ்ராவாகக் கோப்பதா என்பதில் மட்டும் சமரசம் ஏற்படுவதில்லை.

இந்த மண் எங்கிருந்து வந்தது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். தீவு நகரத்தின் நெரிசலைக் குறைக்க ஓடைக்கு அக்கரையில் புதுநகரம் வேண்டும் என்று 1960களின் நடுவில் சார்லஸ் கொரியா, பிரவீணா மேத்தா, ஷிரீஷ் படேல் ஆகிய மூவர் முன்மொழிந்தனர். 1970இல் சிட்கோ நிறுவப்பட்டது. ஆகரிகளும் கோலிகளும் வாழ்ந்த ஊர்களின் நெல்வயல்களும் உப்பளங்களும் கையகப்படுத்தப்பட்டன. ஆகவே இன்றைய மல்லிப் புதர் நிற்குமிடம் வேறொருவர் விளைவித்த நிலம். அந்தக் கடன் தீர்ந்துவிட்டதாக எவரும் சொல்ல முடியாது. புதுநகரின் தலைமைக் கட்டடக் கலைஞராகத் தொடக்க ஆண்டுகளில் பணியாற்றிய கொரியா, பின்னர் 1980களில் பேலாப்பூரில் கலைஞர் கிராமத்தை வடிவமைத்தார். அங்கே ஏழு வீடுகளுக்கு ஒரு பொது முற்றம் அமைந்தது. வானம் பார்த்த வெளியும் ஓர் அறைதான் என்பது அவர் கொள்கை. ஏழைக்கு அது மிகையான அலங்காரம் அன்று, வாழ்விடத்தின் ஒரு பகுதி என்று அவர் கருதினார்.

கோபர்கைரனேயின் வரிசை வீடுகள் அவர் வரைந்தவை அல்ல. எனினும் அந்த வாசல் மண் அதே எண்ணத்தின் ஏழைத் தம்பி. இப்போது அது வேகமாக மறைந்து வருகிறது. பிள்ளைகள் வளர்ந்தனர், வீடு மேலே எழுந்தது. வாசல் மண்மீது மாடிப்படி ஏறியது, அல்லது வாடகைக்கு ஒரு கடை வந்தது. அப்படிச் செய்தவர்களைக் குறை கூறுவது எளிது, ஆனால் நியாயமன்று. இரண்டாயிரம் ரூபாய்ப் பூவா, மாத வாடகையா என்ற கேள்வியை நகரம்தான் அவர்கள் முன் வைத்தது. நவி மும்பையில் சிட்கோ கட்டிய பழைய குடியிருப்புகள் இடிக்கப்பட்டுக் கோபுரங்களாக எழுகின்றன. வரைபடத்தில் தோட்டம் உண்டு. வாகன நிறுத்தத்தின் கூரைமீது, ஒப்பந்தக்காரர் பராமரிப்பில், பறிக்காதீர் என்ற பலகையோடு. பார்க்க அழகாகவே இருக்கும். ஆனால் பறிக்கக் கூடாத பூவை வளர்ப்பவர் எவர்?

தொட்டி போதாதா என்று கேட்கலாம். ஓரளவு போதும். தொட்டியிலும் மல்லி பூக்கும். ஆனால் அதற்கு நாளுக்கு ஐந்தாறு மணி நேர நேர்வெயில் தேவை. வடக்கு நோக்கிய இரும்புக் கம்பி பால்கனி பெற்ற குடும்பம் என்ன செய்யும்? வீடு ஒதுக்கும்போது சதுர அடி பேசப்படுகிறது, திசை பேசப்படுவதில்லை.

ஆய்வுலகின் பங்கும் இதில் சிறிதன்று. நகரப் பசுமையை இன்று பெரும்பாலும் செயற்கைக்கோள் படத்தைக் கொண்டே அளக்கிறோம். இலவசமாகக் கிடைக்கும் சென்டினல்-2 படத்தின் மிக நுண்ணிய அலகு 10 மீட்டர். பசுமையை அளக்கப் பயன்படும் லேண்ட்சாட் பட்டைகளில் அது 30 மீட்டர். நூறு சதுர மீட்டர் கொண்ட ஒரு புள்ளிக்குள் இந்த வரிசை வீடுகளில் சில கூரைகளோடு அடங்கிவிடும். அங்கே பசுமை இல்லை என்று கட்டுரை எழுதப்படும், அக்கட்டுரையை மேற்கோள் காட்டித் திட்டம் வரையப்படும். இலக்கியத் துறையோ குறிஞ்சிப்பாட்டின் 99 பூக்களை ஒப்பிக்கச் சொல்லும். மனையருகே நொச்சியும் வயலைக் கொடியும் வளர்த்த சங்கப் பெண்களின் வளர்ப்பறிவு என்ன என்று கேட்பது அரிது. ஆலிஸ் வாக்கர் 1974இல் எழுதிய கட்டுரையில், வயலில் உழைத்த தம் தாயின் பூந்தோட்டத்தையே அவருடைய கலைப்படைப்பாகக் கண்டார். பெண்ணியப் பாடத்திட்டங்களில் அக்கட்டுரை தவறாமல் இடம்பெறுகிறது. அதைப் படித்துவிட்டு வரும் மாணவர் தம் தெருவின் மல்லிப் புதரை எந்தத் துறையில் பதிவு செய்வது என்று தெரியாமல் நிற்கிறார்.

செய்யக்கூடியது பெரிதொன்றுமில்லை. மறுகட்டுமானத்துக்குமுன் குடும்பங்களின் பரப்பளவு கணக்கெடுக்கப்படுகிறது. அதே படிவத்தில், வாசலில் மண் உண்டா, என்ன செடி, எத்தனை ஆண்டாக, பராமரிப்பவர் யார் என்று நான்கு வரி சேர்க்கலாம். புதிய கட்டடத்தின் திறந்தவெளியில் ஒரு பகுதியை, வெயில் விழும் பக்கமாக, வளர்ப்பவர்கள் பெயரிலேயே பாத்திகளாக விடலாம்; பறிக்கும் உரிமையோடு. நகரமைப்பு மாணவர்கள் ஒரு பருவத்துக் களப்பணியாக இதைத் தொடங்க முடியும். ஆனால் மார்ச்சுக்கும் மே இறுதிக்கும் இடையே போக வேண்டும். ஜூன் இரண்டாம் வாரம் மழை இறங்கிவிட்டால் பூ ஓய்ந்துவிடும். அதன்பின் போகிறவர் படிவத்தில் புதர் என்று மட்டும் எழுதிவிட்டுத் திரும்புவார்.