பெஞ்சில் இருக்கும் ஏழு பேர் எதுக்கு?

கூடைப்பந்தில் களத்தில் ஐந்து பேர்தான். பட்டியலிலோ 12 பெயர். மீதி ஏழு பேர் தண்ணீர் பாட்டில் தூக்கவா? கோலியனூரிலிருந்து விழுப்புரம் மாவட்ட அணிக்குப் போய், ஒரு நிமிடம்கூட ஆடாமல் திரும்பும் பிள்ளையின் வீட்டில் இந்தக் கேள்வி வரத்தான் செய்யும்.

ஐந்து ஃபவுல் ஆனால், எவ்வளவு பெரிய வீரரும் வெளியேறணும். அப்போது இறங்குபவர் தயாரா என்பதுதான் விஷயம்.

2015-ல் கோல்டன் ஸ்டேட் அணியின் ஆந்த்ரே இகுடாலா, என்பிஏ லீக் சுற்றில் ஒரு ஆட்டத்தில்கூட தொடக்க ஐவரில் இல்லை. இறுதிப் போட்டியில் அணி 1-2 எனப் பின்தங்க, பயிற்சியாளர் ஸ்டீவ் கெர் அவரை முதலிலேயே இறக்கினார். அடுத்த மூன்றிலும் வெற்றி. இறுதிப் போட்டியின் சிறந்த வீரர் விருதும் இகுடாலாவுக்கே. திடீர் அதிர்ஷ்டமில்லை, சீசன் முழுக்க மாற்று வீரராக இறங்கி ஆடிக்கொண்டே இருந்தவர் அவர்.

நம்ம நடராஜனும் வாஷிங்டன் சுந்தரும் அப்படித்தான். ஆஸ்திரேலியாவில் வலைப்பயிற்சிக்குப் பந்து வீசியவர்கள், சீனியர்கள் காயமடைந்ததும் 2021 ஜனவரியில் பிரிஸ்பேன் டெஸ்டில் அறிமுகமாகி, முதல் இன்னிங்ஸில் ஆளுக்கு 3 விக்கெட் எடுத்தார்கள்.

20 புள்ளி முன்னிலையிலும் அதே ஐவரை ஓடவிடும் பயிற்சியாளர்கள் நம்மிடம் உண்டு. அந்தக் கடைசி ஐந்து நிமிடத்தையாவது பெஞ்சுக்குக் கொடுக்கலாமே!