பந்தய சைக்கிளுக்கு 10 விழுக்காடு வரி: கடையில் பேரம் பேசுமுன் தெரிந்துகொள்ள வேண்டிய கணக்கு

பந்தய சைக்கிள் ஓர் ஆடம்பரப் பொருள். 2025 ஜூலை 1 முதல் அரசாங்கத்தின் கணக்கு அப்படித்தான் இருக்கிறது. விற்பனை வரி விரிவுபடுத்தப்பட்டபோது, 10 விழுக்காடு வரிக்கு உதாரணமாக நிதியமைச்சு குறிப்பிட்டவை இரண்டு. ஒன்று பந்தய சைக்கிள், மற்றொன்று கையால் வரையப்பட்ட பழங்கால ஓவியம். சால்மன் மீனுக்கும் கிங் நண்டுக்கும்கூட 5 விழுக்காடுதான். பொதுமக்கள் முணுமுணுத்ததும் ஆப்பிள், ஆரஞ்சு, பேரீச்சம்பழம் போன்றவை பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. சைக்கிளுக்கு அந்தச் சலுகை கிடைக்கவில்லை.

40,000 வெள்ளி சைக்கிளில் வார இறுதியில் புத்ராஜெயாவைச் சுற்றி வருபவருக்கு இந்த வரி ஒரு பொருட்டே அல்ல. ஆனால் அறிவிப்பு விலையைப் பார்க்கவில்லை, வகையைத்தான் பார்த்தது. முதன்முதலாக 2,500 வெள்ளிக்கு ஒரு ரோட் பைக் வாங்க நினைக்கும் தொழிற்சாலை ஊழியருக்கும் அதே 10 விழுக்காடுதான். குறைந்தபட்ச சம்பளம் 1,700 வெள்ளி. ஊழியர் சேமநிதியும் சொக்சோவும் பிடித்தது போக, கையில் வருவது ஏறக்குறைய 1,500. ஒரு மாதச் சம்பளத்தை முழுதாகக் கொடுத்தாலும் அந்த சைக்கிள் வராது.

பால்மரத் தோட்டங்களில் சைக்கிளை யாரும் ஆடம்பரம் என்று சொன்னதில்லை. வாளியைப் பின்னால் கட்டிக்கொண்டு ஸ்டோருக்கு மிதித்த தலைமுறைக்கு அது கத்தியைப் போல ஒரு வேலைக் கருவி. அந்தக் கறுப்பு சைக்கிளும் இன்றைய வளைந்த கைப்பிடி சைக்கிளும் ஒன்றல்ல என்பது உண்மைதான். ஆனால் நீரிழிவும் இரத்த அழுத்தமும் நம் குடும்பங்களில் எவ்வளவு சாதாரணமாகிவிட்டன என்பதை நினைத்தால், வியர்க்க மிதிக்க விரும்பும் ஒருவரை ஓவியம் சேகரிப்பவரோடு ஒரே வரிசையில் நிறுத்துவது பொருந்தவில்லை.

அது கொள்கை விவாதம். சைக்கிள் வாங்கப் போகிறவருக்கு அதைவிட அவசரமான கேள்வி ஒன்று உண்டு. கடைக்காரர் “எஸ்எஸ்டி வந்துடுச்சு தம்பி, பத்து பெர்சென் ஏறிடுச்சு” என்று சொன்னால் அதை அப்படியே ஏற்றுக்கொள்ளலாமா?

முழுதாக ஏற்க வேண்டியதில்லை. விற்பனை வரி ஒரே ஒரு கட்டத்தில் விதிக்கப்படுவது. இறக்குமதிப் பொருளானால் துறைமுகத்தில் சுங்கத்துறை வசூலிக்கும். உள்நாட்டில் செய்ததானால் தொழிற்சாலை செலுத்தும். சில்லறைக் கடை விலையின்மேல் அது மறுபடியும் விழுவதில்லை. ஒரு பேச்சுக்கு, 2,800 வெள்ளிக்கு விற்கும் ஒரு சைக்கிளின் இறக்குமதி மதிப்பு 1,600 என்று வைத்துக்கொள்வோம். வரி 160 வெள்ளிதான், 280 அல்ல. மிச்சம் 120 வெள்ளியை வரி என்ற பெயரில் கேட்டால், அது வரி அல்ல, இலாபம். இலாபம் வைப்பது குற்றமில்லை. கடை வாடகையும் ஆள் சம்பளமும் யாருக்கும் இலவசமில்லை. ஆனால் இலாபத்தில் பேரம் பேசலாம். வரியில்தான் பேச முடியாது என்று நாம் வாயை மூடிக்கொள்கிறோம். ரசீதில் கடை விலையின்மேல் 10 விழுக்காடு விற்பனை வரி எனத் தனியாக ஒரு வரி எழுதியிருந்தால், காரணம் கேட்கும் உரிமை வாங்குபவருக்கு உண்டு.

இன்னொன்று, அந்தச் சரக்கு எப்போது வந்தது என்பது. 2025 ஜூலைக்கு முன் நாட்டுக்குள் வந்த சைக்கிளுக்கு இந்த வரி கட்டப்படவில்லை. பழைய ஆண்டு மாடல் ஒன்று மூலையில் தூசி படிந்து நின்றால், “பாஸ், இது வரிக்கு முன்னாடி வந்த ஸ்டாக்தானே?” என்று சிரித்துக்கொண்டே கேட்பதில் தவறில்லை. கடைக்காரருக்கும் அதைத் தள்ளிவிட வேண்டிய தேவை இருக்கும். சைக்கிளில் ஆண்டுக்கு ஆண்டு மாறுவது பெரும்பாலும் வண்ணமும் ஸ்டிக்கரும்தான்.

வெறுமனே “போலே கூராங்?” என்று கேட்டால் ஐம்பதோ நூறோ குறைப்பார்கள். அதைவிட, விலையைத் தொடாமல் பொருளாகக் கேட்பது பல வேளைகளில் நன்றாகப் பலிக்கிறது. பல ரோட் பைக்குகள் பெடல் இல்லாமலே விற்கப்படுகின்றன என்பது முதன்முறை வாங்குபவருக்குத் தெரியாது. ஹெல்மெட், விளக்கு, பம்ப், மாற்று டியூப் என்று சேர்ந்தால் இன்னும் சில நூறு வெள்ளி. பெடலையும், உடம்புக்கு ஏற்றபடி சீட் உயரம் சரிசெய்து தருவதையும், ஒரு மாதம் கழித்து முதல் சர்வீசையும் விலைக்குள் சேர்க்கச் சொல்லலாம். புதிய சைக்கிளின் கேபிள்கள் முதல் சில வாரங்களில் தளரும், கியர் தடுமாறும். அந்த சர்வீஸ் இலவசமா என்பது ஐம்பது வெள்ளித் தள்ளுபடியைவிட முக்கியம். விலை நிர்ணயித்த பெரிய விளையாட்டுக் கடைகளில் பேரம் நடக்காது. அங்கே கேட்க வேண்டியது உத்தரவாதமும் திருப்பிக் கொடுக்கும் விதியும் மட்டுமே.

எதை வாங்குவது? இங்கே பலர் சறுக்குவது “கார்பன்” என்ற சொல்லில். குறைந்த விலைக் கார்பன் பிரேமைவிட, முன் போர்க் மட்டும் கார்பனாக உள்ள நல்ல அலுமினிய சைக்கிள் முதல் சைக்கிளுக்குப் போதும். ஷிமானோ கியர்களில் கிளாரிஸ், சோரா, தியாக்ரா, 105 என்று படிப்படியாக விலை ஏறும். கிளாரிஸே மாற்றுவதற்கு ஒன்றும் மோசமில்லை. அளவுதான் எல்லாவற்றுக்கும் மேல். அளவு தவறினால் முதுகும் முழங்காலும் ஒரு மாதத்தில் சொல்லிவிடும். அதை எந்தத் தள்ளுபடியாலும் சரிசெய்ய முடியாது. “சைஸ் இல்ல, ஆனா இதுவும் ஓகேதான்” என்று சொல்லும் கடையிலிருந்து நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்துவிடலாம். தோட்டத்துச் சாலையிலும் லாரி போகும் உட்சாலையிலும் ஓட்டப் போகிறவர், 28 மில்லிமீட்டர் அல்லது அதற்கு மேல் அகலமான டயர் பொருந்துமா என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும். நெடுஞ்சாலைக்குள் சைக்கிள் போக அனுமதி இல்லை. ஆகவே குண்டும் குழியுமான சாலைதான் நம் பங்கு.

வரியைப் பற்றிக் கவலைப்படாமல் வாங்கும் வழியும் உண்டு. தனிநபர் தனிநபருக்கு விற்கும் பழைய சைக்கிளில் விற்பனை வரி இல்லை. கோவிட் காலத்தில் ஆசையாக வாங்கி, இரண்டு மாதம் ஓட்டி, பிறகு துணி காயப்போடப் பயன்பட்ட சைக்கிள்கள் இணைய விளம்பரங்களில் இன்னும் வந்துகொண்டிருக்கின்றன. புதிய மாடல்கள் டிஸ்க் பிரேக்குக்கு மாறிவிட்டதால், பழைய ரிம் பிரேக் சைக்கிள்களின் விலை இறங்கியிருக்கிறது. மலையேற்ற ஆசை இல்லாதவருக்கு ரிம் பிரேக் எந்தக் குறையும் வைக்காது. குறைந்த பணத்தில் நல்ல சைக்கிள் வேண்டும் என்றால், இன்றைக்கு இதுவே புத்திசாலித்தனமான இடம்.

ஆனால் இதில் ஓர் ஆபத்து மறைந்திருக்கிறது. கடையில் வாங்கியது பழுதென்றால், பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் 5 வெள்ளி கட்டி, 50,000 வெள்ளி வரையில் வழக்குப் பதியலாம், வழக்கறிஞர் தேவையில்லை. தனிநபரிடம் வாங்கினால் அந்தக் கதவு மூடிவிடும், ஏனென்றால் அவர் வணிகர் அல்ல. பணம் கைமாறியபின் விற்றவர் வாட்ஸ்அப்பில் புளூ டிக் கூடக் காட்டமாட்டார்.

அதனால் சிஓடிக்குப் பகலில், வெளிச்சமான பொது இடத்தில்தான் போக வேண்டும். ஓர் அளவுகோல் போதும். சங்கிலியின் பன்னிரண்டு முழுக் கண்ணிகள் சரியாக 12 அங்குலம் இருக்க வேண்டும். எட்டில் ஒரு பங்கு அங்குலம் கூடியிருந்தால் சங்கிலி மட்டுமல்ல, பின் பல்சக்கரமும் தேய்ந்திருக்கும். அந்தச் செலவை அங்கேயே விலையில் கழித்துப் பேசலாம். முன் பிரேக்கைப் பிடித்து சைக்கிளை முன்னும் பின்னும் ஆட்டினால் கைப்பிடித் தண்டில் ஆட்டம் தெரியும். கார்பன் பாகத்தில் வண்ணத்துக்குக் கீழே மயிரிழை போல் கோடு தெரிந்தால், விற்பவர் “அது சும்மா ஸ்கிராச்ண்ணே” என்று எவ்வளவு சொன்னாலும் வாங்காமல் திரும்புவதே நல்லது. விரிசல் விட்ட கார்பன் எச்சரிக்கை இல்லாமல் முறியும்.

பெடல் தண்டு இணையும் இடத்துக்கு அடியில் வரிசை எண் பொறிக்கப்பட்டிருக்கும். அது சுரண்டப்பட்டிருந்தால் பேச்சு அங்கேயே முடிந்தது. திருட்டு சைக்கிளை வாங்கியவரும் போலீஸ் நிலையத்தில் பதில் சொல்ல நேரிடும். எண் தெளிவாக இருந்தால், பழைய ரசீதைக் கேட்டுப் பார்த்துவிட்டு, இல்லையென்றால் ஒரு தாளில் அந்த எண், விலை, தேதி, விற்பவரின் பெயர் எழுதி இருவரும் கையெழுத்திட வேண்டும். “இதுக்கெல்லாம் எதுக்குண்ணே பேப்பரு” என்று தயங்குபவரிடம் பணத்தை எடுக்குமுன் இன்னும் ஒருமுறை வரிசை எண்ணைக் குனிந்து பார்ப்பது நல்லது.