மாணவர் தலைமையும் நம் சங்கங்களும்

நம் சங்கங்களின் மகாசபைக் கூட்டங்களுக்குச் சென்று வருவோர் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். முன் வரிசை முதல் கடை வரிசை வரை நரைத்த தலைகளே தென்படுகின்றன. மிளகாய் பயிரிடுவோர் வீட்டிலும் சரி, பரமக்குடி, எமனேசுவரம் தறிக்காரர் வீட்டிலும் சரி, படித்த பிள்ளைகள் சங்கத்தை அப்பாவின் விவகாரம் என்றே எண்ணி ஒதுங்குகிறார்கள். இந்நிலையில், சென்ற பருவத்தில் நாம் நேரில் கண்ட ஓர் அனுபவத்தை அங்கத்தினர்களின் ஆலோசனைக்கு வைக்க விரும்புகிறோம்.

வேளாண்மைப் பட்டப்படிப்பின் நான்காம் ஆண்டில் மாணவர்கள் குழுவாகக் கிராமங்களில் தங்கி, விவசாயிகளோடு பழகிப் பாடம் பெறுவது வழக்கம். கிராமப்புற வேளாண் பணி அனுபவத் திட்டம் என்பது அதன் பெயர். அவ்வாறு நம் வட்டாரத்திற்கு வந்த ஒரு குழுவின் தலைமை ஒரு பெண்ணிடம் இருந்தது. வயது இருபத்தொன்றுதான் இருக்கும். ஊர்ச் சாவடியில் வண்ணப் படங்களைத் தொங்கவிட்டு, காலை பதினொரு மணிக்கு முதற் கூட்டத்தை ஏற்பாடு செய்தாள். வந்தவர்கள் மூவர். அவர்களிலும் ஒருவர், பயிர்க் காப்பீட்டுத் தொகை பற்றிய கூட்டமென்று எண்ணி வந்தவர். விதைப்புக் காலத்தில் பகல் பதினொரு மணிக்கு எந்தச் சம்சாரி சாவடியில் உட்கார்ந்திருப்பான் என்பதை அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

மறுநாள் முதல் அவள் கூட்டம் கூட்டுவதை விட்டுவிட்டாள். பொழுது சாய்ந்தபின் தேநீர்க் கடைக்கே குழுவோடு சென்று அமர்ந்தாள். அங்கே ஒரு பெரியவர், "பொடியைக் கலந்து விதை என்கிறாயே தாயி, முளைக்காமல் போனால் யார் பொறுப்பு?" என்று கேட்டார். "பாதி விதையை மட்டும் கொடுங்கள் ஐயா, மறு பாதியை உங்கள் வழக்கப்படியே விதையுங்கள்" என்றாள் அவள். ஒரு கிலோ விதைக்கு 10 கிராம் சூடோமோனாஸ் என்ற கணக்கில் கலந்து, நிழலில் உலர்த்தி, அருகருகே இரண்டு மேட்டுப் பாத்திகளில் முண்டு மிளகாய் விதையைத் தூவினார்கள். பின்பு பெய்த மழையில் கலக்காத பாத்தியில் நாற்றழுகல் கண்டு திட்டுத்திட்டாகச் சாய்ந்தது. மறு பாத்தி பெரும்பாலும் நின்றது. அதற்குப் பிறகு பெரியவரே நாலு பேரிடம் பேசினார். வண்ணப் படங்கள் சுருட்டியபடியே கிடந்தன.

ஊரை வென்றவள் தன் குழுவிடம் தோற்றாள் என்பதையும் சொல்லவேண்டும். மண் மாதிரி எடுப்பது எளிய வேலையன்று. ஒரு வயலில் பத்துப் பதினைந்து இடங்களில் 15 சென்டிமீட்டர் ஆழத்திற்கு ஆங்கில 'வி' வடிவில் குழி வெட்டி, பக்கவாட்டு மண்ணைச் சீவியெடுத்துக் கலந்து, நான்காகப் பகுத்துப் பகுத்து அரைக் கிலோவாக்க வேண்டும். கடலை ஒட்டிய நம் உவர் நிலங்களுக்கு இப்பரிசோதனை மிக அவசியம். பிறர் செய்தால் பிழை வருமென்று அஞ்சி, குழி வெட்டுவதிலிருந்து குறிப்பேடு எழுதுவது வரை அவளே செய்தாள். மூன்றாம் வாரத்தில் தோழர்கள் நிழல் தேடி உட்காரத் தொடங்கினர். உணவுச் செலவுக் கணக்கிலும் மனத்தாங்கல் வந்தது. கணக்கையும் குறிப்பேட்டையும் வேறிருவரிடம் ஒப்படைத்த பிறகே குழு மீண்டும் ஒன்றாயிற்று. "எல்லாவற்றையும் நானே செய்ததால்தான் ஒருவரும் செய்யவில்லை" என்று விடைபெறும் நாளில் அவள் நம்மிடம் கூறினாள். இதை உணராமலே இருபது ஆண்டு தலைமை வகித்த சங்கத் தலைவர்களை நாம் அறிவோம். பெயர் சொல்ல வேண்டியதில்லை.

அமெரிக்க நாட்டில் 1928-ஆம் ஆண்டில் கான்சாஸ் நகரில் 'வருங்கால விவசாயிகள்' என்ற மாணவர் அமைப்பு தோன்றியது. பள்ளிதோறும் கிளை, கிளைதோறும் மாணவரே தேர்ந்தெடுக்கும் தலைவர், செயலாளர், பொருளாளர். வயலோ கால்நடையோ தனக்கென்று ஒரு முயற்சியை ஒவ்வொரு மாணவனும் நடத்திக் கணக்கெழுத வேண்டும். பெண்களுக்கு அங்கே இடம் கிடைத்தது 1969-இல்தான். இவ்விஷயத்தில் நம் பெண் பிள்ளைகள் எவரையும் பார்த்துப் பொறாமைப்பட வேண்டியதில்லை. நமக்குக் குறையாக உள்ளது வேறு. நம்மிடம் வரும் மாணவர் குழு சில வாரங்களில் கலைந்துவிடுகிறது. அவர்கள் எழுதிய ஏடும் அவர்களோடு போய்விடுகிறது. உள்ளூர்ப் பிள்ளைகளுக்கோ அத்தகைய அமைப்பு இல்லை.

பள்ளிப் பிள்ளைகளுக்கு இதற்கெல்லாம் நேரமேது, தேர்வு என்னாவது என்று தாய்மார்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆகவே நாம் அதிகம் கேட்கவில்லை. சங்கத்துக்கு ஐந்து சென்ட் நிலம் போதும். இராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால், சாலையோரத்தில் மண்ணோடு காய்ந்த வற்றலுக்குக் குறியீடு விலை பெற்றுத் தராது. ஒரே நிலத்துக் காயில் பாதியை வெறுந்தரையிலும் பாதியைத் தார்ப்பாயிலும் காயவைத்து, எடை, நிறம், சந்தையில் கிடைத்த விலை மூன்றையும் பிள்ளைகள் குறித்து வைக்கட்டும். தறி வீட்டுப் பிள்ளைகள் ஒரு பாவுக்கு வாங்கிய நூல், வீணான நூல், நெய்த சேலை, கைக்கு வந்த கூலி என்று கணக்கெழுதட்டும். தலைவரையும் பொருளாளரையும் அவர்களே தேர்ந்தெடுத்து, ஆண்டுதோறும் மாற்றிக்கொள்ளட்டும். அந்தக் கணக்கை மகாசபையில் அவர்களே வாசிக்கட்டும். பெரியவர்கள் குறுக்கிடாமல் கேட்கவேண்டும். வாக்குரிமை வயது வந்தபின் வரும். கணக்கு கேட்கும் பழக்கத்திற்கு அவ்வளவு காலம் காத்திருக்க வேண்டியதில்லை.

வரும் மகாசபையில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவர எண்ணியுள்ளோம். அம்மாணவி எழுதிய மண் பரிசோதனைக் குறிப்புகளின் நகலொன்றை நம் வேண்டுகோளின்பேரில் கொடுத்துச் சென்றிருக்கிறாள். அது சங்க அலுவலகத்தில் இருக்கிறது. தம் நிலத்தின் நிலைமையை அறிய விரும்பும் அங்கத்தினர்கள் செயலாளரிடம் கேட்டு வாங்கிப் பார்க்கலாம்.