உரித்த இறால் யாருக்கு?

மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15-ஆம் தேதி தொடங்குகிறது. ஜூன் 14 வரை 61 நாள்களுக்குக் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லா. வஞ்சிரமும் வவ்வாலும் எட்டாத விலைக்குப் போய்விடும் இந்தச் சித்திரை, வைகாசி மாதங்களில் அசைவ உணவு உண்ணும் குடும்பங்கள் கோழிக்கோ முட்டைக்கோ திரும்புவது வழக்கம். ஏறத்தாழ இதே காலத்தில்தான் நாகப்பட்டினம் முதல் நெல்லூர் வரையிலும், அதற்கப்பால் கோதாவரி மாவட்டங்களிலும் கோடைப் பருவ இறால் அறுவடைக்கு வருகிறது. அதில் பெரும்பகுதி நம் அடுக்களைகளை எட்டிப் பார்ப்பதில்லை. உறைநிலைக் கொள்கலன்களில் ஏறிக் கடல் கடந்துவிடுகிறது.

2025-இல் அந்தப் பயணம் கேள்விக்குறியாகி நின்றது. அவ்வாண்டு ஏப்ரல் 2-ஆம் தேதி அமெரிக்க அதிபர் டிரம்ப் இந்தியப் பொருள்கள் மீது 26 விழுக்காடு இறக்குமதி வரியை அறிவித்தார். ஒரு வாரத்தில் அது 90 நாள்களுக்கு நிறுத்தி வைக்கப்பட்டு, அப்போதைக்கு 10 விழுக்காடு மட்டும் நடைமுறையில் இருந்தது. ஆனால், அறிவிப்பு வெளியான சில நாள்களிலேயே ஆந்திரத்தில் குட்டையோரக் கொள்முதல் விலை சரிந்தது. அம்மாநில முதல்வர் சந்திரபாபு நாயுடு, இறாலுக்கு வரிவிலக்குப் பெற்றுத் தருமாறு மத்திய வர்த்தக அமைச்சர் பியூஷ் கோயலுக்குக் கடிதம் எழுத வேண்டிய நிலை ஏற்பட்டது. அப்போது இன்னும் விதிக்கப்படாத வரிக்கு உழவர் முன்கூட்டியே விலை கொடுத்துவிட்டார்.

இது ஏன் நிகழ்கிறது என்பதைப் பொருளியல் மாணவர் எவரும் எளிதில் விளக்கிவிடுவார். ஒரு வரியின் சுமை, அதைச் சட்டப்படி செலுத்துபவர் மீது விழுவதில்லை. யாரால் விலகிச் செல்ல இயலாதோ அவர் மீதே விழுகிறது. அமெரிக்க இறக்குமதியாளர் ஈக்வடாரிடம் வாங்கலாம். நம் பதனிடும் ஆலை கொள்முதலைத் தள்ளிப் போடலாம். குட்டையில் நிற்கும் இறாலுக்கு அந்த வசதி கிடையாது. வனாமி இறால் சுமார் 100 முதல் 120 நாள்களில் பருவத்துக்கு வந்துவிடும். அதன்பின் ஒவ்வொரு நாளும் தீவனச் செலவு. ஒவ்வொரு இரவும் நோய் பற்றிய அச்சம். உற்பத்திச் செலவில் பாதிக்கும் மேல் தீவனத்துக்கே போகிறது. அந்தத் தீவனமும் பல இடங்களில் கடனாக வாங்கப்பட்டது. அப்படிப்பட்டவரால் பேரம் பேச முடியாது. சொன்ன விலைக்குக் கொடுக்கத்தான் முடியும்.

நாம் எந்த அளவுக்கு ஒரே வாங்குநரை நம்பியிருக்கிறோம் என்பதற்கு, கடல்சார் பொருள்கள் ஏற்றுமதி மேம்பாட்டு ஆணையத்தின் 2023-24 கணக்கே போதும். அவ்வாண்டு கடலுணவு ஏற்றுமதி வருவாய் 60,523 கோடி ரூபாய். அதில் மூன்றில் இரண்டு பங்கு உறைநிலை இறால்: 7.16 லட்சம் டன், 40,013 கோடி ரூபாய். இந்த 7.16 லட்சம் டன்னில் 2.97 லட்சம் டன் அமெரிக்காவுக்குச் சென்றது. ஐந்தில் இரண்டு பங்குக்கும் மேல். மறுபுறம், அமெரிக்கா 2024-இல் இறக்குமதி செய்த இறாலில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் இந்தியாவுடையது. அவர்களுக்கும் நாம் தேவை என்று இதைக் காட்டி ஆறுதல் கொள்வோர் உண்டு. ஆனால், 2025 ஏப்ரலில் அறிவிக்கப்பட்ட வரிவிகிதத்தில் ஈக்வடாருக்கு 10 விழுக்காடுதான். அந்நாடு ஆண்டுக்கு 10 லட்சம் டன்னுக்கும் மேல் ஏற்றுமதி செய்வது. அமெரிக்கத் துறைமுகங்களுக்கு நம்மைவிட மிக அருகில் இருப்பது. இது போதாதென்று, 2005 முதல் இந்திய இறால் மீது பொருள் குவிப்புத் தடுப்பு வரியும், 2024 இறுதியில் உறுதியான மானிய எதிர்வரியும் உள்ளன. கதவு ஒரே நாளில் மூடப்படவில்லை. இருபது ஆண்டுகளாகச் சிறிது சிறிதாகச் சாத்தப்பட்டு வருகிறது.

அந்த இறால் அங்கே எப்படி உண்ணப்படுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். அமெரிக்கர் மிகுதியாக உண்ணும் கடலுணவு இறால்தான். வசந்த காலத்தில், ஈஸ்டருக்கு முந்தைய தவக்கால வெள்ளிக்கிழமைகளில் இறைச்சியைத் தவிர்க்கும் இல்லங்களில் அதன் தேவை இன்னும் கூடும். வேலை முடிந்து மாலை வீடு திரும்பும் ஒருவர் உறைபெட்டியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுக்கிறார். ஓடு உரித்து, முதுகுக் குடல் நீக்கி, ஒரே அளவாகத் தரம் பிரித்த இறால் அது. குளிர்ந்த நீரில் சிறிது நேரம் போட்டால் உறைபனி விலகிவிடும். வாணலியில் வெண்ணெயும் பூண்டும் சூடேறும்போது இறாலையும், அப்பருவத்தில் மலிவாகக் கிடைக்கும் ஆஸ்பராகஸ் தண்டுகளையும் போட்டுப் புரட்டி, எலுமிச்சை பிழிந்தால் இரவு உணவு முடிந்தது. கால் மணி நேரம்.

சென்ற வாரம் நானும் ஒரு சோதனை செய்தேன். சந்தையில் 60 கவுண்ட் அளவுள்ள இறால், அதாவது கிலோவுக்கு 60 நிற்பது, அரை கிலோ வாங்கி வந்தேன். தலை கிள்ளி, ஓடு உரித்து, குடல் எடுத்துக் கழுவி முடிக்க எனக்கு 25 நிமிடங்கள் பிடித்தன. கையிலிருந்த அரை கிலோ ஏறத்தாழ 270 கிராமாகக் குறைந்திருந்தது. அதன்பிறகு சமையல் ஒன்றும் பெரிய வேலையாக இல்லை. மஞ்சள்தூள், மிளகாய்த்தூள், உப்பு பிசறி வைத்துவிட்டு, சின்ன வெங்காயத்தையும் தக்காளியையும் வதக்கி, சித்திரைக்கே உரிய புளிப்பு மாங்காயை நான்கு துண்டு சேர்த்து, அவை வெந்தபின் இறாலைப் போட்டேன். ஐந்தே நிமிடம். இறால் பிறைபோல் வளைந்ததும் இறக்கிவிட வேண்டும். வட்டமாகச் சுருண்டுவிட்டால் முற்றியது என்று பொருள், மென்று மாளாது. (நம் வீடுகளில் பலரும் இறாலைக் கறிபோல் அரை மணி நேரம் வேகவைப்பதை இந்த வாய்ப்பில் கண்டித்து வைக்கிறேன்.)

ஆக, இயல்பிலேயே இது விரைவு உணவு. விரைவைக் கெடுப்பது உரிக்கும் வேலை மட்டுமே. அமெரிக்க அடுக்களையில் மிச்சமாகும் அந்த 25 நிமிடங்களை நெல்லூரிலோ தூத்துக்குடியிலோ பனிக்கட்டி நீரில் கை விறைக்க நின்ற ஒரு பெண் செலவிட்டிருக்கிறார். அவருடைய கூலியும் பணிச்சூழலும் எத்தகையவை என்பதை 2024 மார்ச் மாதம் அசோசியேட்டட் பிரஸ் நிறுவனம் ஆந்திர இறால் கொட்டகைகள் குறித்து வெளியிட்ட விரிவான செய்தியில் உலகம் படித்தது. நாம் ஏற்றுமதி செய்வது இறாலை மட்டுமன்று; அந்த நேரத்தையும் சேர்த்துத்தான். நம்மூர்க் குடும்பத் தலைவிக்கு அந்தச் சேவையை விற்க எவரும் முனையவில்லை என்பதே வியப்பு. அலுவலகம் சென்று வரும் பெண், வேலைநாளில் இறால் வாங்காததற்கு விலை மட்டும் காரணம் அன்று. உரித்த பின் பாதியாகும் எடையும், உரிக்கும் நேரமும் அந்த விலையோடு சேர்கின்றன.

உள்நாட்டுச் சந்தை பற்றிப் பேசினால், இந்தியர் வருமானத்தில் இறால் கட்டுப்படியாகாது என்பது ஏற்றுமதியாளர்களின் வாடிக்கையான பதில். இதே பதில் ஒருகாலத்தில் முட்டைக்கும் சொல்லப்பட்டது. 1980-களின் தொடக்கத்தில் கோழிப் பண்ணையாளர்கள் வணிகர் வைத்த விலைக்கு முட்டையைக் கொடுத்து நொடித்துப் போயினர். 1982-இல் தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு உருவானது. பண்ணை விலையை வணிகர் அன்றி உற்பத்தியாளரே அறிவிக்கும் வழக்கம் வந்தது. எந்த நாளும் முட்டை உண்ணலாம் என்ற விளம்பரம் வீடுதோறும் சென்றது. இன்று நாமக்கல் முட்டை விலை தங்க விலைபோல் நாள்தோறும் நாளிதழில் வருகிறது. வளைகுடா ஏற்றுமதி தடைபட்டால் பண்ணைகள் பாதிக்கப்படும், ஆனால் படுத்துவிடுவதில்லை. உள்நாட்டில் உண்ண ஆள் இருக்கிறார்கள். இறாலுக்கு அப்படி ஓர் அன்றாட விலை அறிவிப்பு வெகுமக்கள் கண்ணில் படுகிறதா? குட்டையோரத்தில் 60 கவுண்ட் என்ன விலைக்குப் போகிறது என்று சென்னை நுகர்வோருக்குத் தெரியாது. தெரிந்தால், கரையில் விலை சரிந்த வாரத்தில் கடையில் மட்டும் அது ஏன் குறையவில்லை என்று கேட்பார்.

சீனத்தின் அனுபவமும் கவனத்துக்குரியது. 2005-இல் நம்மோடு சேர்த்து அமெரிக்கத் தடுப்பு வரிக்கு ஆளான நாடுகளுள் அதுவும் ஒன்று. அதன்பின் அந்நாட்டு இறால் மேன்மேலும் உள்நாட்டு உணவு மேசைக்கே திரும்பியது. இன்று தன் குட்டைகளில் விளைவது போதாமல் ஈக்வடாரிடமும் இந்தியாவிடமும் வாங்கும் பெரும் இறக்குமதி நாடாக அது விளங்குகிறது. வருமானம் உயர்ந்தது ஒரு காரணம் என்பதை மறுக்கவில்லை. ஆனால் வருமானம் தானாகச் சந்தையை அமைத்துவிடுவதில்லை. குளிர்பதனத் தொடர், சிறு பொட்டலம், நம்பகமான தரம் ஆகியவற்றை யாரோ கட்டியெழுப்ப வேண்டியிருந்தது.

தரம் என்று சொல்லும்போது, நுகர்வோரின் ஐயத்தையும் நேர்மையாகக் கருத வேண்டும். பண்ணை இறாலில் நுண்ணுயிர்க்கொல்லி மருந்தின் எச்சம் இருக்குமோ என்று அஞ்சுவோர் பலர். அந்த அச்சம் ஆதாரமற்றதன்று. ஐரோப்பிய ஒன்றியம் 2016 முதல் இந்தியப் பண்ணை இறால் சரக்குகளில் பாதியை எல்லையில் மாதிரியெடுத்துச் சோதித்து வருகிறது. ஏற்றுமதிக்குச் செல்லும் குட்டைகளில் அறுவடைக்கு முன்பே எச்சப் பரிசோதனை செய்யும் ஏற்பாடு உண்டு. உள்ளூர்ச் சந்தைக்கு வரும் இறாலுக்கும் சட்டத்தில் வரம்புகள் உண்டு. ஆனால் சோதனைச் சான்று எதுவும் வாங்குபவர் கையில் கிடைப்பதில்லை. வெளிநாட்டாருக்குச் சோதித்த பொருள், நமக்குச் சோதிக்காத பொருள் என்ற பாகுபாடு நீடிக்கும் வரை உள்நாட்டுத் தேவை வளராது. வளர்க்க முயல்வதும் முறையாகாது.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது. இறால் பண்ணைகளுக்கு எதிராக நாகை மண்ணில் காந்தியர் ஜெகந்நாதனும் கிருஷ்ணம்மாளும் போராடியதையும், அவர் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கடற்கரை ஒழுங்குமுறைப் பகுதியில் அமைந்த பண்ணைகளை அகற்ற ஆணையிட்டதையும் நாம் மறந்துவிட முடியாது. நிலத்தடி நீர் உப்பானதும், வயல்கள் பாழானதும் உண்மை. 2005-இல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் வந்து தொழிலுக்கு மீண்டும் வழி திறந்தது. 2009-இல் வனாமிக்கு அனுமதி கிடைத்தது. உள்நாட்டுச் சந்தை வேண்டும் என்பதற்கு, புதிய குட்டைகள் வெட்ட வேண்டும் என்று பொருளன்று. இருக்கும் குட்டைகளில் விளைவதற்கு இரண்டாவது வாங்குநர் வேண்டும் என்பதே என் வாதம். அழுத்தத்தில் உள்ள உழவர் செலவைக் குறைக்க முதலில் கைவிடுவது கழிவுநீர்ச் சுத்திகரிப்பைத்தான் என்பதையும் சூழலியல் நண்பர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

வனாமியின் தாய் இறால்கள் அமெரிக்காவிலிருந்து விமானத்தில் வந்து, சென்னை நீலாங்கரையில் உள்ள தனிமைப்படுத்தும் மையத்தில் தங்கி, பொரிப்பகங்களுக்குச் செல்கின்றன. அவற்றின் வழித்தோன்றல்கள் உரித்த பொட்டலங்களாக அமெரிக்காவுக்கே திரும்புகின்றன. இடையில் நம்முடையவை நிலமும் நீரும் உழைப்பும் கடனும். 2024-25 மத்திய நிதிநிலை அறிக்கை தாய் இறாலுக்கும் தீவனத்துக்கும் சுங்க வரியை 5 விழுக்காடாகக் குறைத்தது. தாய் இறாலை இங்கேயே உருவாக்கும் மையங்களுக்கு நிதியுதவி அறிவித்தது. வரவேற்கத்தக்கவையே. எனினும் அவை யாவும் விளைவிப்பதற்கான உதவிகள். விற்பதற்கு?

தமிழ்நாடு மீன்வளர்ச்சிக் கழகத்துக்கு மீன் அங்காடிகள் உண்டு. தடைக்காலத்திலேயே, எச்சப் பரிசோதனை முடிந்த பண்ணை இறாலை உரித்து, 250 கிராம் பொட்டலமாக, கவுண்ட் அளவும் அறுவடை நாளும் அச்சிட்டு அந்த அங்காடிகளில் விற்றுப் பார்க்கலாம். மீன் வரத்துக் குறைந்த வாரங்களில் வாங்குவோர் இருப்பர். உரிக்கும் பெண்களுக்கு ஏற்றுமதி ஆலை மூடும் நாள்களிலும் வேலை கிடைக்கும். கூலியைச் சட்டப்படி வழங்குவதும் அரசு நிறுவனத்துக்குக் கட்டாயம். வாஷிங்டனில் பேச்சுவார்த்தைக்கு விதிக்கப்பட்ட 90 நாள் கெடு 2025 ஜூலை முற்பகுதியில் முடிவதாக இருந்தது. கோடைக் குட்டைகளில் பெரும்பாலானவை அதற்கு முன்பே வற்றவிடப்பட்டிருக்கும்.