வார்டுக்கும் ஒரு வாத்தியார் வேணும்

புற்றுநோய் வார்டுல கிடக்கிற பிள்ளைகளுக்குப் பொம்மை கொடுக்க ஆட்கள் வருகிறார்கள். கேக் வெட்டுகிறார்கள், போட்டோ பிடித்துக்கொண்டு போகிறார்கள். பெரும்பாலான வார்டுகளுக்கு வாத்தியார் மட்டும் வருவதில்லை.

'உயிரே ஊசலாடுது, இப்ப என்ன படிப்பு?' என்று கேட்பார்கள். பணக்கார நாடுகளில் புற்றுநோய் வந்த பிள்ளைகளில் 100க்கு 80 பேருக்கு மேல் குணமாகிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பிழைக்கப்போகிற பிள்ளைக்குப் படிப்பு வேண்டாமா? பிழைக்காத பிள்ளைக்கும்தான் வேணும். கணக்குப் போடுகிற அந்த ஒரு மணி நேரம் அது நோயாளி இல்லை, மாணவி.

பிள்ளைகளுக்கு வருவதில் ரத்தப் புற்றுநோய்தான் அதிகம். அதில் பரவலான வகைக்கு வைத்தியம் இரண்டு மூன்று வருசம் இழுக்கும். வெள்ளணு குறைந்தால் கூட்டத்துக்குள் போகக்கூடாது. வின்கிரிஸ்டின் மருந்தில் விரல் மரத்துப்போய்ப் பென்சில் பிடிக்கவே சிரமமாகலாம். முடி கொட்டும், ஸ்டீராய்டில் முகம் ஊதும். இத்தனையும் தாங்கித் திரும்புகிற பிள்ளையை, 'ஒட்டிக்கும்'னு தனி பெஞ்சுல உட்கார வைத்தால்? புற்றுநோய் ஒட்டாது. தனியா உட்கார வைக்கிறதுன்னா என்னன்னு நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

வசதியானவர்கள் வீட்டுக்கே டியூசன் வாத்தியாரை வரவழைப்பார்கள். கூலிக்காரர் வீட்டில்? அம்மா வார்டில் உட்கார்ந்தால் அன்றைய கூலி போச்சு. அந்தக் குடும்பத்தில் முதன்முதலாக எழுத்துக் கூட்டிய பிள்ளை உயிர் பிழைத்தும் படிப்பை இழக்கிறது.

இது தர்மம் கேட்கிற விசயம் இல்லை. 2009 கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரை எல்லாப் பிள்ளைக்கும் கல்வி உரிமை என்கிறது. எட்டாம் வகுப்பு முடியும்வரை யாரையும் வெளியேற்றக்கூடாது என்கிறது 16ஆம் பிரிவு. 'நோயாளி நீங்கலாக' என்று அதில் எழுதியில்லை.

ஆள் இல்லை, பணம் இல்லை என்பார்கள். கொரோனாவுக்குப் பிறகு 2021இல் 'இல்லம் தேடிக் கல்வி' என்று தன்னார்வலர்களைத் தெருத்தெருவாக அனுப்பியது தமிழக அரசுதானே? தெருவுக்கு வந்த கல்வி வார்டுக்கு வராதா?

புற்றுநோய்க் குழந்தைகளைச் சேர்க்கிற ஒவ்வொரு அரசு மருத்துவமனைக்கும் ஒரு நிரந்தர ஆசிரியர் வேண்டும். வார்டில் படித்த நாளைப் பள்ளி வருகையாகக் கணக்கிட வேண்டும். பிள்ளை திரும்புமுன் அந்த வகுப்பில் நோயைப் பற்றிப் பேசவேண்டும்.

தோழர்களே, உங்க ஊர்ப் பள்ளிக்கூடத்துல ரொம்ப நாளா வராத பிள்ளை யாருன்னு முதல்ல விசாரிங்க. நோயில் கிடந்தால், பேரை அடிக்க விடாதீங்க.