கையழுக்குக்கு அஞ்சும் கனவான்கள்

அண்மையில் என் காரைச் சேர்விஸுக்குக் கொடுத்துவிட்டு மாலையில் மீட்கச் சென்றேன். நீட்டப்பட்ட பற்றுச்சீட்டில் பன்னிரண்டு வரிகள் இருந்தன. அவற்றுள் ஒன்று, 'ஏசி பில்டர் மாற்றியமை, கூலி உட்பட ரூபா 7,800'. வாழ்நாளில் பெரும்பகுதியைப் பிறருடைய கணக்குகளில் ஓட்டை தேடிச் செய்தியாக்குவதில் கழித்தவன் நான். என் சொந்தக் கணக்கை ஒரு முறைகூட வாசிக்காமல் பணத்தைச் செலுத்திவிட்டு வந்தேன்.

இரண்டு நாள் கழித்துப் பேத்தியை ஏற்றிக்கொண்டு வெள்ளவத்தையிலிருந்து தெகிவளை நோக்கிச் சென்றபோது, "அம்மப்பா, காருக்குள்ள ஈரத்துணி மாதிரி மணக்குது" என்றாள். அவளுக்குச் சிறுவயது முதலே முட்டு வருத்தம் உண்டு. காலி வீதியில் தனியார் பஸ் ஒன்றின் பின்னால் நின்ற ஐந்து நிமிடத்தில் இருமத் தொடங்கினாள். புதிய வடிகட்டி போட்ட கார் ஏன் இப்படி மணக்கவேண்டும்? வீட்டுக்கு வந்ததும், முன்னிருக்கைக்கு எதிரேயுள்ள சிறு பெட்டியைக் கழற்றிப் பார்த்தேன். மாற்றப்பட்டதாகக் கணக்கெழுதப்பட்ட வடிகட்டி கன்னங்கரேலென்று அங்கேயே இருந்தது. மடிப்புகளுக்கிடையில் காய்ந்த இலைகள். ஒரு மூலையில் எலிப் புழுக்கை.

தொலைபேசியில் அழைத்தேன். "பெடியன் மறந்திருப்பான் ஐயா. கொண்டு வாங்கோ, செய்து தாறம்" என்றார்கள், மிகுந்த மரியாதையோடு. நான் போகவில்லை. அந்த இடத்தின் பெயரையும் இங்கே எழுதப்போவதில்லை. என் கோபத்தில் பாதிதான் அவர்களுக்குரியது. மறுபாதி எனக்கும், என்னைப் போன்ற படித்த கனவான்களுக்கும் உரியது.

முதலில் பொருள் என்னவென்று பார்ப்போம். காருக்குள் நாம் சுவாசிக்கும் காற்று, முன்கண்ணாடியின் அடியில், வைப்பர்களுக்குக் கீழேயுள்ள துளைகள் வழியாக உள்ளே இழுக்கப்படுகிறது. மின்விசிறிக்கு முன்னால் அதை வழிமறித்து, தூசியையும் மகரந்தத்தையும் இலைச்சருகையும் பிடித்துக்கொள்வதே இந்த வடிகட்டியின் வேலை. மடித்து மடித்து அடுக்கிய ஒரு தாள்போன்ற துணி, அதைச் சுற்றி ஒரு சட்டம். அவ்வளவுதான். பல ஜப்பானியக் கார்களில், உள்காற்றையே சுழலவிடும் பொத்தானை அழுத்தினாலும் அந்தக் காற்றும் இதனூடாகவே செல்கிறது. ஆகவே, இது அழுக்கானால் தப்ப வழியில்லை.

அடைத்துப்போன வடிகட்டி மணத்தை மட்டும் தருவதில்லை. காற்றோட்டம் குறையும், குளிரூட்டி இயங்கியும் பின்னிருக்கையில் இருப்பவர் வியர்ப்பார். மழைக்காலத்தில் முன்கண்ணாடியில் படியும் புகார் விலகத் தாமதமாகும். மலைநாட்டு வளைவுகளில் மழையில் கார் ஓட்டியவர்களுக்கு அதன் பொருள் தெரியும். பொதுவாக 15,000 முதல் 30,000 கிலோமீட்டருக்குள், அல்லது ஆண்டுக்கொரு முறை மாற்றவேண்டும் என்பார்கள். தூசி மிகுந்த வீதிகளில் அதற்கும் முன்னரே மாற்றவேண்டும்.

இனி, வேலையைச் சொல்கிறேன். என்னுடையது 2008ஆம் ஆண்டுத் தயாரிப்பான டொயோட்டா அக்சியோ. இயந்திரத்தையும் விசிறியையும் நிறுத்தினேன். சிறு பெட்டியைத் திறந்து உள்ளிருந்த பழைய பற்றுச்சீட்டுகளையெல்லாம் வெளியே எடுத்தேன். பெட்டியின் ஒரு பக்கத்தில் சிறு தண்டு ஒன்று கொளுவப்பட்டிருக்கும், அதை விலக்கினேன். பெட்டியின் இரு பக்கச் சுவர்களையும் கைகளால் உள்நோக்கி அழுத்தியதும் அது கீழே இறங்கிவிட்டது. பின்னால் தெரிந்த நீள்சதுர மூடியின் கொக்கியை அழுத்தி எடுத்தேன். பழைய வடிகட்டியை மெல்ல வெளியே இழுத்தேன். சாய்த்தால் குப்பை விசிறிக்குள் விழும் என்பதால் மட்டமாகவே இழுக்கவேண்டும். அதன் விளிம்பில் உள்ள அம்புக்குறி எந்தத் திசையைக் காட்டுகிறது என்று பார்த்து, புதியதை அவ்வாறே செருகினேன். திறந்த வழியே திரும்ப மூடினேன். ஸ்பனர் இல்லை, திருகாணி இல்லை. முதல் முறை என்பதால் பன்னிரண்டு நிமிடம் சென்றது. பஞ்சிகாவத்தையில் புதிய வடிகட்டி 2,300 ரூபாவுக்குக் கிடைத்தது.

எல்லாக் கார்களிலும் இது இவ்வளவு எளிது என்று சொல்லமாட்டேன். சில ஐரோப்பியக் கார்களில் ஓட்டுநரின் காலடியில் குனிந்து தேடவேண்டும். சிலவற்றில் முன்மூடியைத் திறந்து எடுக்கவேண்டும். சில மலிவு வகைக் கார்கள் வடிகட்டியே இல்லாமல் விற்கப்பட்டன. வெறும் பொந்து மட்டுமே இருக்கும். ஆனால், தன் கார் எந்த வகையென்று அறிந்துகொள்ள, அதனோடு வந்த கைந்நூலைப் புரட்டினால் போதும். அந்நூலை நம்மில் எத்தனை பேர் ஒரு முறையாவது திறந்திருக்கிறோம்?

இன்னொரு ஏமாற்றையும் சொல்லிவிடுகிறேன். பல இடங்களில் பழைய வடிகட்டியை அமுக்கக் காற்றால் ஊதி, தட்டி, திரும்பப் போட்டுவிட்டு, "கிளீன் பண்ணியாச்சு" என்கிறார்கள். நம்மவர்களும் காசு மிச்சம் என்று மகிழ்கிறார்கள். பெரும்பாலான இன்றைய வடிகட்டிகளின் இழைகள் ஏற்றப்பட்ட நிலைமின்னூட்டத்தாலேயே நுண்தூசியை ஈர்த்துப் பிடிக்கின்றன. கழுவினால் அந்த மின்னூட்டம் போய்விடும். பலமாக ஊதினால் இழை கிழியும். கண்ணுக்குத் தெரியும் சருகு போகும். கண்ணுக்குத் தெரியாத தூசி தங்குதடையின்றி உள்ளே வரும். காசு மிச்சமானதற்கு நுரையீரல் கணக்குக் கொடுக்கும்.

நிற்க. இதை என் நண்பர்களிடம் சொன்னபோது கிடைத்த பதில்களே இதனை எழுதத் தூண்டின. ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ஒருவர், "உமக்கு ஏன் இந்த வேலை? மெக்கானிக்குகள் எதற்கு இருக்கிறார்கள்?" என்று கேட்டார். ரொறன்ரோவில் வாழும் உறவினர் ஒருவர் தொலைபேசியில் சிரித்தார். தன் காரின் வடிகட்டியை விற்பனை நிலையத்தில்தான் மாற்றுவதாகவும், அதற்கு என்ன வாங்குகிறார்கள் என்று தான் பார்ப்பதில்லை என்றும் பெருமையாகவே சொன்னார். கொழும்பிலும் ரொறன்ரோவிலும் ஒரே குரல்.

இந்தக் குரல் எங்கிருந்து வருகிறது? கையால் செய்யும் வேலை தாழ்ந்தது, பேனா பிடிப்பதே உயர்ந்தது என்ற நம் பழைய நோயிலிருந்து வருகிறது. யார் எந்த வேலையைத் தொடலாம் என்று பிறப்பைக்கொண்டு தீர்மானித்த சமூகம் நாம். அந்தச் சட்டத்தை வாயால் ஒழித்துவிட்டோம். பழக்கத்தால் இன்னும் காத்துவருகிறோம். மகனைப் பொறியியல் படிக்கவைக்கக் காணியை விற்போம். அந்த மகன் ஸ்பனரைத் தொட்டால் முகம் சுளிப்போம்.

நான் பத்திரிகைக்குள் நுழைந்த காலத்தில் ஈய எழுத்துகளைக் கையால் கோத்தே பக்கம் அமைத்தார்கள். ஆசிரியபீடத்தில் இருந்தவர்கள் அச்சுக்கோப்பவர்களின் பகுதிக்குள் கால்வைப்பதே அரிது. நான் போனேன். தலைகீழாக வாசிக்கப் பழகினேன். அதன் பிறகே என் தலைப்பு ஏன் பத்தியில் அடங்கவில்லை என்பது விளங்கியது. கை அழுக்கானதால் என் எழுத்துக் கெட்டுப்போகவில்லை.

இவை எல்லாவற்றையும்விட என்னை உறுத்துவது வேறொன்று. 1990இல் போர் மீண்டும் தொடங்கிய பின், யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோலும் பற்றரியும் தடைசெய்யப்பட்டன. அப்போது நம் மக்கள் என்ன செய்தார்கள்? மொறிஸ் மைனர்களையும் ஒஸ்ரின்களையும் சில துளி பெற்றோலால் உயிர்ப்பித்து மண்ணெண்ணெயில் ஓடவைத்தார்கள். சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டார்கள். பத்திரிகைகள் கோடிட்ட கொப்பித் தாளிலும் அச்சாகின. இவற்றைச் செய்தவர்களில் பட்டதாரிகளும் இருந்தார்கள், ஆசிரியர்களும் இருந்தார்கள். தடை அவர்களுக்குக் கொடுத்தது துன்பம். அந்தத் துன்பத்திலும் தங்கள் பொருளைத் தாங்களே அறிந்திருந்தார்கள். அந்தத் தலைமுறை இன்னும் உயிரோடிருக்கிறது. அதே மனிதர்கள் இன்று ஒரு பெட்டியின் கொக்கியைக் கழற்றக் கராஜுக்குப் போகிறார்கள் என்றால், நாம் வசதி பெற்றோமா, வல்லமை இழந்தோமா?

"ஏழை மெக்கானிக்கின் வயிற்றில் அடிக்கிறீர்" என்றும் ஒருவர் சொன்னார். நியாயமான கேள்வி, பதில் சொல்லவேண்டும். பிரேக், ஸ்ரியரிங், இயந்திரம் இவையெல்லாம் பயின்றவர் கையில்தான் இருக்கவேண்டும். அந்தக் கைக்குரிய கூலியைப் பேரம் பேசாமல் கொடுக்கவேண்டும் என்பதே என் கட்சி. திறமைக்குக் கூலி கொடுப்பது வேறு; நம் அறியாமைக்கு அபராதம் கட்டுவது வேறு. நல்ல மெக்கானிக் இந்த 7,800 ரூபாவை நம்பிப் பிழைப்பவர் அல்லர். மாறாக, வாடிக்கையாளர் எதையும் பார்க்கமாட்டார் என்ற நிலைமைதான், மாற்றாததை மாற்றியதாக எழுதுபவரை வாழவைத்து, நேர்மையாக வேலை செய்பவரைத் தோற்கடிக்கிறது.

அதுவும் இக்காலத்தில் நமக்கு இந்த அறிவு முன்னெப்போதையும்விடத் தேவை. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. இடையில், 2022இல், ரூபா வீழ்ந்தது. உதிரிப்பாகங்களின் விலை ஏறியது. இருந்த கார்களையே இழுத்துப்பிடித்து ஓட்டினோம். கார்களுக்கு வயது கூடியது. நம் அறிவு மட்டும் கூடவில்லை.

காற்றின் கதையையும் சொல்லாமல் விடமுடியாது. 2022 டிசம்பர் 9ஆம் திகதி, காற்று மாசு காரணமாக இந்நாட்டின் பாடசாலைகள் மூடப்பட்டதை நாம் மறந்துவிட்டோம். உலக சுகாதார நிறுவனம் 2021இல், நுண்துகளுக்கான ஆண்டுச் சராசரி வழிகாட்டு அளவை ஒரு கனமீற்றர் காற்றில் 10 மைக்ரோகிராமிலிருந்து 5ஆகக் குறைத்தது. இந்தத் துகள் தலைமயிரின் தடிப்பில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கு. டீசல் புகை மனிதரில் புற்றுநோயை உண்டாக்கும் என்று புற்றுநோய் ஆய்வுக்கான சர்வதேச முகவரகம் 2012இலேயே வகைப்படுத்திவிட்டது. சாதாரண வடிகட்டி இந்த நுண்துகளில் ஒரு பகுதியைத்தான் தடுக்கும். கரி கலந்த வகை மணத்தையும் சில வாயுக்களையும் குறைக்கும். காபன் மொனொக்சைட்டை எதுவும் தடுக்காது. என் பேத்தியின் வருத்தத்தை ஒரு வடிகட்டி மாற்றிவிடும் என்று நான் நம்பவில்லை. ஆனால் எலிப் புழுக்கையின் மீது வீசும் காற்றை அவளுக்குக் கொடுக்காதிருக்க என்னால் முடியும். அதைச் செய்யாமல் இருந்தேன் என்பதுதான் என் வெட்கம்.

இன்னொரு வெட்கமும் உண்டு. கண்ணாடியை ஏற்றிவிட்டு வடிகட்டிய காற்றில் நான் போகும்போது, என் காரின் புகையை விழுங்குபவர் பஸ் தரிப்பிடத்தில் நிற்கும் தாய். அவருக்கு வடிகட்டி எதுவுமில்லை. ஆகவே, பெட்டியைத் திறக்கும் அன்றே முன்மூடியையும் திறந்து, இயந்திரத்துக்குரிய காற்று வடிகட்டியையும் பாருங்கள். அது வேறு, இது வேறு. பற்றுச்சீட்டில் இரண்டையும் குழப்பி எழுதுவார்கள். புகைப் பரிசோதனைச் சான்றிதழ் ஆண்டுக்கொரு நாள் காட்டும் காகிதம் மட்டுமல்ல என்பதையும் நினைவிற்கொள்ளுங்கள்.

வாசகர்களிடம் நான் கேட்பது இரண்டுதான். வருகின்ற ஞாயிற்றுக்கிழமை காலை அந்தப் பெட்டியைக் கழற்றிப் பாருங்கள். பிள்ளைகளையும் அருகில் வைத்துக்கொள்ளுங்கள். இயலாதவர்கள், மூட்டுவலிக்காரர்கள், கராஜுக்கே கொடுங்கள். ஆனால் பணம் கட்டுமுன் ஒரு வாக்கியம் சொல்லுங்கள்: "கழற்றிய பழையதைக் கொண்டு வந்து காட்டுங்கோ." நேர்மையானவர் மகிழ்ச்சியோடு கொண்டு வருவார். மற்றவர் கொஞ்சம் தடுமாறுவார். அந்தத் தடுமாற்றத்தைப் பார்த்த பின் எங்கே போவது என்பதை நீங்களே முடிவு செய்யலாம்.

பழைய வடிகட்டியை நான் எறியவில்லை. ஒரு பொலித்தீன் பைக்குள் இட்டு, அந்தப் பற்றுச்சீட்டையும் அதனோடு சேர்த்து, மேசை இலாச்சியில் வைத்திருக்கிறேன். அடுத்த சேர்விஸுக்குப் போகும்போது இரண்டையும் எடுத்துச் செல்வேன்.